சேலத்துச் சமவெளிக்குப் பட்டுப்பூச்சி வந்த வரலாறு



பட்டின் வரலாற்றை நாம் பெரும்பாலும் தறியிலிருந்தே தொடங்குகிறோம். காஞ்சிபுரத்துச் சேலை, ஆரணிப் பட்டு, சேலத்து வெண்பட்டு வேட்டி என்று நெய்து முடித்த துணியின் பெயரால் பேசுகிறோம். அதனை நெய்த கைகளை ஓரளவு அறிவோம். உடுத்தி மகிழ்ந்தவர்களை இன்னும் நன்றாக அறிவோம். அந்த நூலைத் தந்த சிற்றுயிரைப் பற்றியோ நம் பாடப்புத்தகங்கள் நான்கைந்து வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்த உரையில் அந்த முறையை மாற்றி, முட்டையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அந்த முட்டை எவ்வாறு சேலம், நாமக்கல் சமவெளிக்கு வந்து சேர்ந்தது, வந்தது எவ்வாறு நிலைத்தது என்பதே நான் சொல்ல வரும் கதை. பட்டுப்பூச்சியைக் கொண்டுவந்தவர்கள் பலர். ஆனால், அது இங்கே நிலைபெற்றதற்குக் காரணம், அதன் வாழ்வை நிலை நிலையாகக் கூர்ந்து நோக்கிய மனிதர்களே என்பது என் கருத்து.

முதலில் அந்த வாழ்வையே பார்ப்போம்.

பட்டுப்பூச்சியின் வாழ்வில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு நிலைகள் உண்டு. முட்டை கடுகைவிடச் சிறியது. சுமார் 2,000 முட்டைகளைச் சேர்த்து நிறுத்தால் ஒரு கிராம் எடை வரும். ஒரு தாய்ப்பூச்சி 400 முதல் 500 முட்டைகள் வரை இடும். ஒரு தாய் இட்ட முட்டைகளை ஒரு முட்டைத் தொகுதி என்பது தொழில் வழக்கு. இட்ட அன்று அவை வெளிர்மஞ்சளாக இருக்கும். உரிய வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஏறத்தாழப் பத்து நாள்களில் பொரிந்துவிடும். பொரிப்பதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பு ஒவ்வொரு முட்டையிலும் ஊசிமுனையளவு கரும்புள்ளி ஒன்று தோன்றும். அது உள்ளே உருவாகிவிட்ட புழுவின் தலை. மறுநாள் முட்டை முழுவதும் நீலச் சாம்பல் நிறம் கொள்ளும்.

இந்தக் கரும்புள்ளியைக் கண்டதும் வளர்ப்போர் ஒரு வேலை செய்வார்கள். முட்டை அட்டையைக் கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைத்துவிடுவார்கள். முந்தி முதிர்ந்தவை இருட்டில் காத்திருக்கும். பிந்தியவை அதற்குள் வளர்ந்து அவற்றோடு சேர்ந்துகொள்ளும். குறித்த நாள் காலையில் தாளை நீக்கி வெளிச்சம் படச் செய்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிந்து வெளிவரும். ஒரே நாளில் பொரியாத புழுக்கள் ஒரே நாளில் தோலுரிக்கா. ஒரே நாளில் கூடும் கட்டா. ஆகவே இந்தச் சிறு செயலில் ஒரு மாதத்து உழைப்பின் ஒழுங்கு அடங்கியிருக்கிறது.

பொரிந்த புழு மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். கறுத்து, மயிரடர்ந்து, எறும்புபோலத் தோன்றும். அதற்கு மல்பெரியின் இளந்தளிரை மெல்லியதாக நறுக்கித் தூவுவார்கள். முசுக்கட்டை என்று நம் நூல்கள் கூறும் இந்தச் செடியின் இலையைத் தவிர வேறொன்றையும் அது விரும்பி உண்ணாது. புழுப்பருவம் சுமார் 25 நாள்கள். அதற்குள் நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும். தோலுரிக்கும் சமயத்தில் புழு உண்பதை நிறுத்தித் தலையை உயர்த்தி, ஒரு நாளளவு அசையாமல் இருக்கும். புதியவர்கள் அது நோயுற்றது என்று அஞ்சுவார்கள். அனுபவம் உள்ளவர்களோ அப்போது இலையும் இடமாட்டார்கள், தொடவும் மாட்டார்கள். அந்த ஒரு நாளில் பழைய தோலின் அடியில் புதிய தோல் உருவாகிக்கொண்டிருக்கிறது.

25 நாள்களில் புழுவின் எடை ஏறத்தாழ 10,000 மடங்கு பெருகுகிறது. தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே, அதாவது கடைசி ஏழெட்டு நாள்களிலேயே, தின்று தீர்க்கிறது. அந்த நாள்களில் வளர்ப்பு மனையில் இரவு நேரத்தில் நின்று கேட்டால், ஆயிரக்கணக்கான வாய்கள் இலையைக் கடிக்கும் ஓசை ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல இருக்கும். 100 முட்டைத் தொகுதிகளை வளர்க்கும் குடும்பம் ஏறத்தாழ ஒரு டன் இலையை அறுத்துச் சுமந்து வந்து இடவேண்டியிருக்கிறது. பொறுப்பாக வளர்த்து, நோயும் வெயிலும் குறுக்கிடாவிட்டால், 60 கிலோவுக்குக் குறையாமல் கூடு எடுக்கலாம்.

முதிர்ந்த புழு உண்பதை நிறுத்துகிறது. அதன் உடல் பழுத்த நிறம் பெற்று, ஒளி ஊடுருவுவதுபோலத் தெரிகிறது. தலையைத் தூக்கி இடம் தேடுகிறது. அதனை எடுத்துச் சந்திரிகை எனப்படும் மூங்கில் தட்டியில் விடுவது பழைய வழக்கம்; இப்போது ஞெகிழியால் ஆன மடிப்பு வலைகளும் பயன்படுகின்றன. புழு தன் வாய்க்கு அடியில் உள்ள நுண்துளையிலிருந்து கசியும் திரவத்தைத் தலையசைவினால் இழுத்து இழையாக்குகிறது. எட்டு என்னும் எண்ணின் வடிவில் தலையை அசைத்து அசைத்து, இரண்டு மூன்று நாள்கள் ஓயாமல் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. நல்ல இனத்துப் புழுவின் ஒரு கூட்டில் அறுபடாத ஒரே இழை 1,000 மீட்டர் அளவுக்கும் நீளும்.

கூட்டுக்குள் புழு இறுதியாக ஒருமுறை தோலுரித்துக் கூட்டுப்புழு ஆகிறது. கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே அது அசையும் ஒலி கேட்கும். கூட்டை வெட்டி எடுத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில், காலும் வாயும் இல்லாத ஒரு பொருள்போலக் கிடக்கும். எனினும் அதன் அடிவயிற்றில் ஆண், பெண் அடையாளம் தெளிவாக இருக்கும். பெருக்கல் குறி போன்ற கோடு இருந்தால் பெண். சிறு புள்ளி மட்டும் இருந்தால் ஆண்.

நூலுக்காக வளர்க்கும் உழவர் காண்பது இந்த நிலை வரையில்தான். பூச்சி வெளிவந்தால் கூட்டில் துளை விழுந்து இழை அறுந்துவிடும். ஆகவே கூடுகள் அதற்கு முன்பே வெப்பத்துக்கு உட்படுத்தப்படுகின்றன. ஒரு கிலோ பட்டு நூலுக்கு 3,000-க்கு மேற்பட்ட கூட்டுப்புழுக்கள் உயிரிழக்கின்றன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பட்டு உடுத்துவோர் அதை அறிந்தே உடுத்த வேண்டும்.

பூச்சியைக் காண வேண்டுமானால் முட்டை உற்பத்தி செய்யும் வித்தகத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பன்னிரண்டு நாளளவில், விடியற்காலையில், பூச்சிகள் கூட்டின் முனையை ஒருவகை நீரால் நனைத்து இளக்கிக்கொண்டு வெளிவரும். வெள்ளை நிறம், பருத்த உடல். சிறகு உண்டு, பறக்க இயலாது. வாய் உண்டு, உண்ண இயலாது. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த ஊட்டத்தைக் கொண்டே சில நாள்கள் வாழ்ந்து, கூடி, முட்டையிட்டு மடியும். பெண்பூச்சி நகராமல் இருந்த இடத்திலிருந்தே ஒரு மணத்தை வெளியிட, ஆண்பூச்சி சிறகு படபடக்க அதனை நாடி வருகிறது. அந்த மணப்பொருளை ஜெர்மானிய வேதியியல் அறிஞர் பூட்டெனாண்ட் 20 ஆண்டு உழைத்து, ஏறத்தாழ 5 லட்சம் பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்து, 1959இல் வெளியிட்டார். பூச்சிகள் மணத்தால் பேசிக்கொள்ளும் மொழியில் மனிதன் வேதியியல் முறையில் படித்தறிந்த முதல் சொல் இந்தப் பட்டுப்பூச்சியினுடையதே.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

சீனர் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுப்பூச்சி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் அது பறக்கும் ஆற்றலை இழந்து, மனிதன் இலை கொடுத்தாலன்றி வாழ இயலாத உயிராயிற்று. தமிழ்நாட்டிலும் பட்டு பழமையானது. புகார் நகரத்தில் பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் துணி நெய்தவர்களைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. ஆனால் பட்டு நெய்வது வேறு. பட்டுப்புழு வளர்ப்பது வேறு. சேலமும் இராசிபுரமும் பட்டு நெய்யும் ஊர்களாகப் பெயர் பெற்றபோதும் அவற்றின் தறிகளுக்கு வேண்டிய நூல் பெரும்பாலும் வெளியிடங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

தென்னாட்டில் புழு வளர்ப்பை அரசின் முயற்சியாக வளர்த்தவர் திப்பு சுல்தான். 1780-களில் அவர் வங்காளத்திலிருந்து புழுக்களைத் தருவித்து மைசூர் நாட்டில் பரப்பினார். அப்போது சேலமும், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் அவருடைய ஆட்சியில் இருந்தன. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்தப் பகுதிகள் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறின. அதே காலத்தில் சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவரும் பட்டில் பெரும் ஆர்வம் கொண்டு, மல்பெரிச் செடிகளையும் புழு முட்டைகளையும் கருநாடகச் சமவெளியின் பல இடங்களுக்கு வழங்கினார். அவர் எழுதிய கடிதங்கள் நூலாகவும் அச்சிடப்பட்டன. ஆர்வத்துக்குக் குறைவில்லை, செடியும் முட்டையும் கிடைத்தன. எனினும் மைசூர்ப் பீடபூமியில் வேர்கொண்ட தொழில் சமவெளியில் வேர்கொள்ளவில்லை.

பட்டுப்புழு வளர்ப்பு சமவெளியில் இரண்டு தடைகளைக் கடந்தாக வேண்டும். ஒன்று வெப்பம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டருக்கும் குறைவு. முதிர்ந்த புழுவுக்கு 25 பாகை அளவு வெப்பமே உகந்தது. சேலத்துக் கோடையில் நண்பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டும். மற்றொன்று நோய். இந்த இரண்டு தடைகளையும் வாளோ ஆணையோ நீக்கவில்லை. கண்ணும் பொறுமையும் நீக்கின. முதலில் நோயின் கதையைச் சொல்கிறேன்.

இத்தாலியில் அகோஸ்டினோ பாசி என்னும் அறிஞர், பட்டுப்புழுக்கள் இறந்து சுண்ணாம்புபோல வெளுத்து இறுகிப்போகும் நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த வெண்பொடி ஒரு நுண்ணிய காளான் என்றும், அதுவே நோயைப் பரப்புகிறது என்றும் 1835இல் வெளியிட்டார். ஒரு நுண்ணுயிர் ஒரு விலங்கினத்துக்கு நோய் உண்டாக்கும் என்பது முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது பட்டுப்புழுவில்தான். இன்று நாம் மருத்துவத்தில் எளிதாகப் பேசும் கிருமிக் கொள்கையின் வேர்களில் ஒன்று புழு வளர்ப்பு மனையில் இருக்கிறது.

அடுத்து, பிரான்சில் வேறொரு நோய் பரவியது. புழுக்களின் உடலில் மிளகுப்பொடி தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றியதால் அந்நாட்டார் அதற்குப் பெப்ரின் என்று பெயரிட்டார்கள். 1853இல் 26,000 டன்னாக இருந்த பிரெஞ்சுக் கூடு விளைச்சல் 1865க்குள் 4,000 டன்னாக வீழ்ந்தது. அரசு லூயி பாஸ்டரை அனுப்பியது. அவர் வேதியியல் அறிஞர். அதுவரை பட்டுப்புழுவைக் கையால் தொட்டதும் இல்லை. போகும் வழியில் அவிஞ்ஞோன் நகரத்தில் பூச்சியியல் அறிஞர் பாபரைச் சந்தித்து, கூடு ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்து கேட்டாராம். கூட்டுப்புழு இருக்கிறது என்பதுகூட அவருக்குப் புதிய செய்தி. பிற்காலத்தில் பாபர் இந்த நிகழ்ச்சியை எழுதியபோது ஏளனம் செய்யவில்லை; ஒன்றும் அறியாமல் தொடங்கி அனைத்தையும் கண்டறிந்த அந்தத் துணிவை வியந்தே எழுதினார்.

பாஸ்டர் ஐந்தாண்டு உழைத்தார். மனைவியும் மகளும் அவருடன் புழு வளர்த்தார்கள். 1868இல் பக்கவாதம் அவருடைய உடலின் ஒரு பக்கத்தைத் தாக்கியது. அதன் பின்னும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. நோயுற்ற புழுக்களின் உடலில் நுண்ணோக்கியில் காணப்பட்ட நீள்வட்டத் துகள்கள் நோயின் காரணமல்ல என்றே அவரும் முதலில் எண்ணினார். பிறகு தம் சோதனைகளே எதிர்த்துப் பேசியபோது கருத்தை மாற்றிக்கொண்டார். அந்தத் துகள்கள் நோய்க்கிருமிகளே. அவை தாயின் உடலிலிருந்து முட்டைக்குள் செல்கின்றன. ஆகவே நோயைப் புழுவில் தேடுவது காலம் கடந்த செயல். தாய்ப்பூச்சியில் தேட வேண்டும்.

இதிலிருந்து அவர் வகுத்த முறை மிக எளியது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்யவேண்டும். முட்டையிட்டு முடிந்தபின் அப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். துகள் காணப்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும். காணப்படாவிட்டால் வளர்க்கக் கொடுக்கலாம். 1870இல் அவருடைய நூல் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வித்தகங்களில் இன்றும் அடிப்படை அதுவே. நம் நாட்டு வித்தகங்களில் பூச்சிகளைச் சிறிதளவு பொட்டாசியம் கார்பனேட் கலந்த நீரில் அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நாள் முழுவதும் நுண்ணோக்கியின்மேல் குனிந்திருக்கும் பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண் ஒரு துகளைத் தவறவிட்டால், 50 கல் தொலைவில் ஓர் உழவர் ஒரு மாதம் கழித்து வெறுங்கையோடு நிற்பார். இத்தொழிலின் நம்பிக்கை முழுவதும் அந்தக் கண்களில் இருக்கிறது.

அடுத்தது வெப்பத்தின் கதை. திப்புவின் காலந்தொட்டு மைசூரில் வளர்ந்துவந்த இனம் ஆண்டுக்குப் பலமுறை தலைமுறை காண்பது, வெப்பத்தைத் தாங்குவது. ஆனால் அதன் கூடு சிறியது, இழை குட்டையானது. ஜப்பானிய இனங்களோ ஆண்டுக்கு இரண்டே தலைமுறை காண்பவை. பெரிய வெண்ணிறக் கூடு கட்டுபவை. வெப்பத்தையும் நோயையும் தாங்காதவை. ஜப்பானிய அறிஞர் தோயாமா கமெதாரோ, பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட மரபு விதிகள் பட்டுப்பூச்சிக்கும் பொருந்தும் என்று 1906இல் காட்டினார். இரண்டு இனங்களைக் கலந்து பெறும் முதல் தலைமுறைப் புழு பெற்றோர் இரண்டையும்விட வலிமையுடையது என்றும் அவர் எடுத்துரைத்தார். அந்தக் கருத்து ஜப்பானின் பட்டுத்தொழிலையே மாற்றியது. மைசூரிலும் 1920-களிலிருந்து உள்நாட்டுத் தாயையும் வெளிநாட்டுத் தந்தையையும் கலந்த புழுக்கள் உழவர் கைக்கு வரலாயின.

வெளிநாட்டு இனத்தின் முட்டையில் மற்றொரு சிக்கலும் உண்டு. குளிர்நாட்டுப் பூச்சி இடும் முட்டை உடனே பொரியாது. குளிர்காலம் கழியும்வரை உறங்கும். சேலத்தில் அது எதிர்பார்க்கும் பனிக்காலம் ஏது? ஆகவே முட்டையிட்ட ஒரு நாளுக்குள் அவற்றை இளஞ்சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் நனைத்து எடுத்து, நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். முட்டை உறக்கத்துக்குச் செல்லாமல் பத்து நாளில் பொரிந்துவிடுகிறது. உயிரைக் கொல்லும் என்று நாம் அஞ்சும் அமிலமே அளவறிந்து கையாளும்போது உயிரை எழுப்பும் கருவியாகிறது.

இந்த அறிவெல்லாம் உலகில் வளர்ந்துகொண்டிருக்க, நம் மாநிலத்தின் நிலை என்ன? 1948இல் மத்தியப் பட்டு வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் புழு வளர்ப்பில் பெரும்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டத்தில் நடந்துவந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. தறிகள் இங்கே இருக்க, புழுக்கள் எல்லைக்கு அப்பால் சென்றுவிட்டன. சேலம் மாவட்டத்தில் அன்று அடங்கியிருந்த ஓசூர்ப் பகுதியும், தாளவாடி போன்ற மேட்டுநிலங்களுமே எஞ்சின. தமிழ்நாட்டில் புழு வளர்ப்பின் பிற்கால வரலாறு அந்தச் சிறு எச்சத்திலிருந்து மீண்டும் கட்டியெழுப்பிய வரலாறு ஆகும்.

1979இல் பட்டு வளர்ச்சிக்கெனத் தனித் துறை ஏற்பட்டது. அதன் தலைமையகம் சேலத்தில் அமைந்தது. மத்தியப் பட்டு வாரியமும் சேலத்தில் வட்டார ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. ஓசூரில் மல்பெரி வகைகளையும் பட்டுப்பூச்சி இனங்களையும் அழியாமல் காக்கும் மையம் தோன்றியது. 1991 முதல் 2007 வரை ஜப்பானிய அறிஞர்களின் ஒத்துழைப்போடு நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ற வெண்கூட்டு இனங்களும் வளர்ப்பு முறைகளும் உருவாக்கப்பட்டு, கருநாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பரப்பப்பட்டன. வி-1 என்னும் மல்பெரி வகை 1997இல் வெளிவந்தது. பாசனமும் உரமும் கிடைத்த இடத்தில் அது மிகுந்த இலையைத் தந்தது. இன்று தமிழ்நாட்டில் விளையும் பட்டில் பெரும்பகுதி இந்த வெண்கூட்டுப் பட்டே ஆகும்.

சமவெளி உழவர் வெயிலை வென்ற வழிகள் எளியவை. வீட்டை விட்டு விலகிய தனி மனை, சுற்றிலும் நிழல்மரம், கூரைமேல் தென்னங்கீற்று, சாளரங்களில் நீர் தெளித்த சாக்குத்திரை. பொரித்த முதல் இரண்டு பருவங்களில் புழு மிக மென்மையானது. ஆகவே அந்தப் பருவங்களை மட்டும் இளம்புழு வளர்ப்பு மையங்கள் பொறுப்பேற்று, இரண்டாம் தோலுரிப்புக்குப் பின் உழவரிடம் கொடுக்கின்றன. ஒவ்வொரு இலையாகப் பறித்து இடுவதற்கு மாறாகத் தண்டோடு வெட்டிப் பரப்பும் முறை வந்தபின் வீட்டுப் பெண்களின் வேலைப்பளு பெரிதும் குறைந்தது. சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், இராசிபுரத்தில் பட்டுக்கூடு ஏலம் நடைபெறுகிறது. வெளியூர் நூலை நம்பி நெய்த ஊரிலேயே கூடு விளைந்து விலைபோவதை வரலாற்றின் ஒரு திருப்பம் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவுக்குப் பின்னும் இடர் ஓய்வதில்லை. 1980இல் வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூடுகள் வழியாக ஊசி ஈ என்னும் பகை கருநாடகத்தில் நுழைந்து பின்னர் நம் பகுதிக்கும் பரவியது. அது புழுவின் உடல்மேல் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். சாளரங்களுக்கு நைலான் வலை கட்டியும், அந்த ஈயை அழிக்கும் சிறு குளவிகளை வளர்த்து விட்டும் அதனைக் கட்டுப்படுத்தினார்கள்.

2008இல் தமிழ்நாட்டில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி அதைவிடக் கொடியது. மல்பெரியையும் மரவள்ளியையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. மருந்து தெளித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு மடியும். தெளிக்காவிட்டால் தோட்டமே வாடும். பல உழவர்கள் மல்பெரியை வேரோடு தோண்டி எறிந்தார்கள். அந்த மாவுப்பூச்சி மெக்சிக்கோ நாட்டுப் பக்கத்தைத் தாயகமாகக் கொண்டது; அங்கே அதனை அடக்கி வைக்கும் இயற்கைப் பகையும் உண்டு என்பதை அறிஞர் அறிந்திருந்தார்கள். எறும்பினும் மிகச் சிறிய அந்தக் குளவி 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. எந்தப் பூச்சி எதன்மேல் முட்டையிடுகிறது என்று எங்கோ ஒருவர் பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைத்த குறிப்பு, இங்கே மல்பெரித் தோட்டங்களையும் மரவள்ளிக் கொல்லைகளையும் காத்தது.

மரவள்ளி என்றதும் மற்றொரு பூச்சியையும் சொல்லவேண்டும். 1940-கள் முதல் ஜவ்வரிசித் தொழிலால் சேலம், நாமக்கல் சமவெளி மரவள்ளி நாடாயிற்று. அசாமில் ஆமணக்கு இலை தின்று வளரும் எரிப்பட்டுப்பூச்சி மரவள்ளி இலையையும் உண்ணும். அதன் பெயரே அசாமிய மொழியில் ஆமணக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கிழங்குக்குப் பெரிய இழப்பு நேராமல் ஓரளவு இலையைப் பறிக்கலாம் என்பதால், இந்தப் பூச்சியும் நம் பகுதியில் அறிமுகமாயிற்று. எரிப்பூச்சியின் கூடு ஒரு முனையில் திறந்தே இருக்கும். பூச்சி தானாக வெளியேறிய பின்பு வெறுங்கூட்டைப் பஞ்சைப்போல நூற்கலாம். உயிர் போக்காமல் பட்டு வேண்டும் என்போருக்கு இது ஒரு வழி.

மாணவர்களே, இந்த உரையைக் கேட்ட பயன் ஒன்று உண்டானால், அது நீங்களே ஒரு பூச்சியை முட்டை முதல் கூட்டுப்புழு வரை வளர்த்துப் பார்ப்பதாக இருக்கட்டும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டி, மருந்து படாத இலை, அளவுகோல், ஒரு குறிப்பேடு போதும். பொரித்த நாள், தோலுரித்த நேரம், ஒவ்வொரு நாளின் நீளம், தின்ற இலை, அறையின் வெப்பம் ஆகியவற்றை எழுதுங்கள். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். புகையிலை வாடையும் கொசுமருந்தும் பெட்டியின் அருகே வரவேண்டா. தோலுரிக்கும் நாளில் தொல்லை கொடாதீர்கள். இறந்த புழுவை உடனே அகற்றி, அது எப்படி இறந்தது என்பதையும் எழுதுங்கள். அந்த வரி பிறவற்றினும் பயனுடையதாகக்கூடும்.

ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்தில் 1660ஆம் ஆண்டில் மரியா சிபில்லா மெரியன் என்ற பெண் பட்டுப்புழு வளர்த்துக் குறிப்பெழுதத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு வயது 13. புழுக்கள் அழுகலிலிருந்து தாமே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. 1679இல் அவர் வெளியிட்ட நூலில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய நான்கையும் அவை வாழும் செடியோடு சேர்த்து வரைந்து காட்டினார். பட்டம் பெறாத ஒரு பெண்ணின் ஓவியங்கள் அறிஞர் உலகத்துக்கு ஆசிரியராயின.

சீனத்திலிருந்து சேலம் வரை இந்தப் பூச்சி வந்த வழி நீண்டது. பறக்கவும் உணவு தேடவும் தெரியாத உயிராக அதனை ஆக்கியவர் நாம். அதன் நலத்தைப் பேணும் கடமையும் நம்முடையதே. இங்கே பல குடும்பங்களுக்கு மாதந்தோறும் வரும் வருவாய் அதன் நலத்தைச் சார்ந்திருக்கிறது. அதன் நலமோ அதை ஒழுங்காகப் பார்த்து எழுதுவோரைச் சார்ந்திருக்கிறது. சமவெளியின் வெயில் இனியும் மிகும் என்று அறிஞர் எச்சரிக்கிறார்கள். அந்த வெயிலைத் தாங்கும் புழுவையும், அதற்கு இலை தரும் செடியையும் கண்டறிய வேண்டியவர்கள் உங்களுள்தான் இருக்கிறார்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தை இன்றே எழுதத் தொடங்குங்கள்.